நன்னம்பிக்கை முனை: சாப்மன்ஸ் பீக் சாலையும் முனை நடையும் ஒரே நாளில் முடியுமா?

நொய்யல்:

வணக்கம். ஜனவரி மூன்றாவது வாரம் கேப்டவுன் வருகிறோம். என் கணவருக்கு அங்கே அலுவலகக் கூட்டம். அது முடிந்ததும் ஒரு முழு நாள் கையில் இருக்கிறது. அந்த நாளை நன்னம்பிக்கை முனைக்கு என்று என் மாமனார் முன்கூட்டியே பட்டா போட்டு வைத்துவிட்டார்.

அவரைப் பற்றிச் சொன்னால்தான் என் கேள்வி புரியும். பொள்ளாச்சிப் பக்கத்தில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 68. கரும்பலகையில் ஒரே இழுப்பில் ஆப்பிரிக்கா வரைவார் என்று அவருடைய பழைய மாணவர்கள் இன்றும் சொல்வார்கள். இப்போது அந்தக் கோட்டின் நுனியில் போய் நிற்கப்போகிறோம் என்பதால் வீட்டில் வேறு பேச்சே இல்லை. "மேலே ஏற ரயில் இருக்கிறதாம் மாமா" என்றேன். "ரயிலில் உட்கார்ந்து பார்ப்பதை டிவியிலேயே பார்த்துக்கொள்ளலாமே, அதற்கு எதற்கு விமானம்?" என்று கேட்டுவிட்டார். நடந்தே தீருவாராம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மற்றபடி தினமும் காலையில் நடப்பவர், படி ஏறுவதில் என்னைவிடத் தேவலாம்.

கேட்க வேண்டியவை இவை. சாப்மன்ஸ் பீக் என்ற கடலோர மலைச்சாலையில் போகும்போது ஓட்டுவதா, திரும்பும்போதா? ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். வாடகைக் கார் எடுக்கலாமா, சுற்றுலா பஸ்ஸே போதுமா? நடைப்பாதை எவ்வளவு கடினம்? மாமனார் சைவம், வெளியில் சாப்பிடத் தயங்குவார். புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம் என்றால், பபூன் குரங்குகள் பிடுங்கிக்கொள்ளும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பெரம்பூர்வாசி:

நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். காலையில் விடுதி வாசலில் ஏற்றிக்கொண்டார்கள், மாலையில் அதே வாசலில் இறக்கிவிட்டார்கள். பெங்குவின் பார்த்தாயிற்று, முனை பார்த்தாயிற்று, பலகைக்குப் பக்கத்தில் நின்று படமும் எடுத்தாயிற்று. கலங்கரை விளக்கத்துக்கு ரயிலில் ஏறி இறங்கினோம். அதற்குமேல் நடக்க நேரம் தரவில்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு நடக்கும் ஆசையும் இல்லை. புதிய ஊரில், மலை விளிம்புச் சாலையில், வண்டி ஓட்டிக்கொண்டு கடலையும் ரசிக்க முடியாது. பெரியவரை அழைத்துக்கொண்டு போகிறீர்கள், பஸ்ஸே நிம்மதி.

கொற்கைக்காரன்:

நான் தூத்துக்குடிக்காரன். கப்பலில் இன்ஜினியராக இருந்து கரை ஒதுங்கி, இப்போது ஃபிஷ் ஹூக்கில் குடியிருக்கிறேன். முனைக்குப் போகும் வழியில்தான் என் வீடு. பெரம்பூர்வாசி சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பஸ்ஸில் போகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பலகையைத்தான். 'ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்குக் கோடி' என்று எழுதிய பலகை. அதன்முன் வரிசையில் நின்று, முறை வந்ததும் இரண்டு கையையும் விரித்து, படம் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்காரர்களுக்கு இடம் விடுவார்கள். பலகைக்குப் பின்னால் ஒரு கண்டம் முடிகிறது, அதைத் திரும்பிப் பார்ப்பவர் குறைவு. உங்கள் மாமனார் இந்த வரிசைக்காகப் பொள்ளாச்சியிலிருந்து வரவில்லை. காரை எடுங்கள்.

இங்கேயும் இடதுபுறம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம். நம் ஊரில் ஓட்டுகிறவருக்கு அரைமணி நேரத்தில் கை பழகிவிடும். உங்கள் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சர்வதேச அனுமதிப் புத்தகத்தையும் வாங்கி வந்துவிடுங்கள். வாடகைக்கு விடுகிற இடத்தில் கவுண்டரில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்து அதையும் கேட்பார்கள். பெட்ரோல் நீங்களே போட வேண்டியதில்லை, பங்க்கில் ஆள் உண்டு.

சாலை எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான். திரும்பும்போது. மாலையில். நூர்ட்ஹூக்கிலிருந்து ஹௌட் பே நோக்கி, அதாவது வடக்கே பார்த்து. சாப்மன்ஸ் பீக் மலையின் மேற்கு முகத்தில் போகிறது இந்தச் சாலை. காலையில் வெயில் மலைக்குப் பின்னால் இருக்கும், சாலையும் கீழே கடலும் நிழலில் கிடக்கும். மாலையில் அதே பாறை முழுவதும் சிவந்துவிடும். இன்னொரு காரணம் ஓட்டுகிறவருக்கானது. வடக்கே போனால் கடல் உங்கள் இடப்பக்கம் வரும். வண்டி நிறுத்திப் பார்க்கும் இடங்கள் எல்லாம் கடல் பக்கம்தான் என்பதால், எதிர்வண்டிகளை வெட்டாமல் நேரே உள்ளே நுழைந்துவிடலாம். தெற்கே போகிறவர்கள் வளைவில் குறுக்கே திரும்பிப் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எனவே காலையில் கிழக்குக் கரை. நகரிலிருந்து மியூசன்பர்க், கால்க் பே, ஃபிஷ் ஹூக், சைமன்ஸ் டவுன். முனை வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கால்க் பேயில் ரயில் தண்டவாளம் கடலை ஒட்டிப் போகும், அலை பெரிதாக இருந்தால் அதன் தூவானம் தண்டவாளத்தின் மேலேயே விழும். சைமன்ஸ் டவுனில் பெங்குவின் கடற்கரை வரும். இப்போது நிறுத்த வேண்டாம். பெங்குவின்கள் எங்கேயும் போய்விடாது, காற்றும் கூட்டமும்தான் காத்திருக்காது.

ஜனவரியில் தென்கிழக்குக் காற்று எங்களுக்கு எஜமான். நகரத்துப் புகையைத் துடைத்துவிடுவதால் கேப் டாக்டர் என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். முனையில் நின்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். காலையில் சற்று அடங்கியிருந்து, பகல் ஏற ஏறப் பலக்கும். முனை ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பூங்கா வாயில் கோடைக்காலத்தில் காலை 6 மணிக்குத் திறக்கிறது, மாலை 6 மணிக்கு மூடுகிறது. ஏழு மணிக்கு நீங்கள் வாயிலில் இருந்தால் முதல் பஸ் வருவதற்குள் பாதி நடை முடிந்துவிடும். வெளிநாட்டினருக்குக் கட்டணம் உள்ளூர்க்காரர்களைவிடப் பல மடங்கு. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடுங்கள்.

வாயிலிலிருந்து முனை வாகன நிறுத்தம் வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வெட்டவெளி. மரம் கிடையாது. இடுப்பளவுப் புதர்தான், அதற்கு ஃபைன்போஸ் என்று பெயர். பார்த்தால் காய்ந்த காடு மாதிரி இருக்கும். இறங்கிக் குனிந்து பாருங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு செடி. இந்தப் பூங்காவுக்குள் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருக்கின்றன. இந்த நிலத்தை 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே அவற்றுக்காகத்தான். வழியில் நெருப்புக்கோழி சாலையைக் கடந்தால் ஹாரன் அடிக்காதீர்கள், அது ஒதுங்காது.

இனி நடை. மூன்று துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, நிறுத்துமிடத்திலிருந்து பழைய கலங்கரை விளக்கம் வரை. தளம் போட்ட பாதை, சரிவு உண்டு, கடைசியில் படிகள். பழனியில் யானைப் பாதையில் ஏறி இறங்குகிறவருக்கு இது ஒன்றுமே இல்லை. மெதுவாகப் போனால் இருபது இருபத்தைந்து நிமிடம். விளக்கைக் கட்டியது 1859-இல், கடல்மட்டத்திலிருந்து 238 மீட்டர் உயரத்தில். உயரம் கூடினால் வெளிச்சம் தூரம் போகும் என்பது கணக்கு. கடல் வேறு கணக்கு வைத்திருந்தது. வருடத்தில் பல நாள் அந்த உயரத்தில் மேகம் படியும், கப்பலுக்கு விளக்கே தெரியாது. தெளிந்த இரவிலோ விளக்கு அளவுக்கு மீறித் தெரிந்தது. மேற்கேயிருந்து வருகிற கப்பல், முனையை நெருங்குவதற்கு வெகு முன்பே வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கரையை ஒட்டி வரும். 1911 ஏப்ரல் 18 அன்று லூசிட்டானியா என்ற போர்ச்சுக்கல் பயணிக் கப்பல் முனைக்கு வெளியே பெல்லோஸ் பாறையில் மோதியது. எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள், பெரும்பாலோர் தப்பினார்கள். (டார்ப்பிடோவில் மூழ்கிய பிரிட்டிஷ் லூசிட்டானியா வேறு.) அதற்குப் பிறகுதான் முனையின் மூக்கில், 87 மீட்டர் உயரத்தில், புதிய விளக்கைக் கட்டினார்கள். மேலே நின்று பார்த்தால் பெல்லோஸ் பாறை இருக்குமிடத்தில் வெள்ளை நுரை தெரியும். கப்பலில் வேலை செய்தவன் என்பதால் எனக்கு அந்த நுரையைப் பார்த்தால் இப்போதும் வயிற்றில் ஏதோ செய்யும்.

இரண்டாவது துண்டுதான் நல்ல துண்டு. பழைய விளக்கின் அடிவாரத்திலிருந்து முனையின் முதுகோடு புதிய விளக்கைப் பார்க்கும் இடம் வரை போகிற பாதை. விளக்குக் காவலர்கள் நடந்த வழி. பஸ்காரர்களுக்கு இதற்கு நேரம் இருப்பதில்லை. போய்வர ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாதை குறுகல், ஆனால் தெளிவு. சில இடங்களில் இரு பக்கமும் செங்குத்தாகக் கடல். இரண்டாம் உலகப் போர்க்கால ரேடார் நிலையத்தின் மிச்சமும் வழியில் இருக்கிறது. பாதையின் முடிவில் புதிய விளக்கு காலடிக்குக் கீழே தெரியும், அதுவரை இறங்க விடமாட்டார்கள். அங்கே உட்கார்ந்து கீழே பார்த்தால், பாறை விளிம்புகளில் கறுப்பாக அப்பியிருப்பவை நீர்க்காகங்கள் என்று சற்று நேரம் கழித்துத்தான் புரியும். தொடுவானத்தில் கப்பல்கள் தெரிந்தால் ஆசிரியருக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு, சூயஸ் வழியே போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பல்கள் ஏராளமாக இந்த முனையைச் சுற்றித் திரும்பின. போர்ச்சுக்கல் மாலுமி டயஸ் 1488-இல் தேடிய வழிக்கு மறுபடி வேலை வந்துவிட்டது.

மூன்றாவது, நிறுத்துமிடத்திலிருந்து நன்னம்பிக்கை முனைக்குப் போகும் பாதை. முக்கால் மணி முதல் ஒரு மணி வரை ஆகும், ஒரு வழிக்கு. கவனியுங்கள், விளக்கு இருப்பது கேப் பாயின்ட். பாடப்புத்தகத்து நன்னம்பிக்கை முனை அதற்கு மேற்கே இருக்கும் வேறொரு மூக்கு, பலகையும் அங்கேதான். இடையில் டயஸ் கடற்கரை, மூன்று பக்கமும் சுவர் மாதிரிப் பாறை. மரப்பலகைப் பாதையில் அதன் விளிம்போடு நடந்து, கடைசியில் கற்களில் இறங்கிப் பலகைக்குப் பக்கத்திலேயே வெளிவருவீர்கள். உங்கள் கணவரை மட்டும் காரோடு சாலை வழியே கீழே அனுப்பிவிடுங்கள். நீங்களும் மாமனாரும் ஒரு வழி நடந்தால் போதும். பஸ்ஸில் வந்தவர்கள் வரிசையில் நிற்பதை மேலிருந்து பார்த்துக்கொண்டே இறங்கலாம். எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

டயஸ் கடற்கரைக்கு மரப்படிகள் இருக்கின்றன, இறங்கினால் ஏற வேண்டும். குளிக்க நினைக்காதீர்கள், நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

புளியோதரை விஷயம் முழு உண்மை. இந்தக் குரங்குகளுக்குக் காரின் கதவைத் திறக்கத் தெரியும். ஆண் குரங்கின் கோரைப்பல்லைப் பார்த்தவர்கள் அதனுடன் பையை இழுத்துப் பார்க்க மாட்டார்கள். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினாலே சாப்பாடு என்று முடிவு கட்டிவிடும். எனவே பூங்காவுக்குள் நுழைவதற்கு முன்பே, காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிட்டு முடியுங்கள். மிச்சத்தை டிக்கியில் வைத்துப் பூட்டுங்கள். கதவுகளும் எப்போதும் பூட்டியே இருக்கட்டும். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். நம் ஆட்கள் வாழைப்பழம் நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். மனிதர் கையில் சாப்பாடு பழகிய குரங்கைக் கடைசியில் கொன்றுவிட நேர்கிறது.

முனையை விட்டு மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள். சைமன்ஸ் டவுனுக்குத் திரும்பிப் பெங்குவின் பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் ஒரு சில ஜோடிகளாக வந்து குடியேறிய கூட்டம் அது. இந்த இனத்தை 2024-இல் அழிவின் விளிம்பில் இருப்பவை என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு ரெட் ஹில் சாலையில் மலையைத் தாண்டி ஸ்கார்பரோ, மிஸ்டி கிளிஃப்ஸ், கொம்மெட்ஜி. மிஸ்டி கிளிஃப்ஸில் அலைத்தூள் சாலை மேலேயே மிதக்கும், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

கடைசியாக சாப்மன்ஸ் பீக். ஒன்பது கிலோமீட்டர், 114 வளைவுகள். 1915-இல் தொடங்கி 1922-இல் திறந்தார்கள், வெட்டியவர்களில் பெரும்பாலோர் சிறைக்கைதிகள். ஆசிரியரை இங்கே கட்டாயம் இறக்கிவிட்டுச் சாலையின் வெட்டுமுகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே கருங்கல், மேலே அடுக்கடுக்காக வண்டல் பாறை. இரண்டும் சேரும் கோட்டிலேயே சாலையைக் கொண்டுபோயிருக்கிறார்கள். மேலே உள்ளது வெட்டுவதற்கு இளகல், கீழே உள்ளது வண்டி போவதற்கு உறுதி. அந்த இளகல் பாறைதான் பிற்காலத்தில் தலையில் விழுந்தது. 2000-இல் சாலையை மூடிவிட்டு, கம்பி வலையும் பாதிக்குகை போன்ற கூரையும் அமைத்து, 2003 இறுதியில் சுங்கச் சாலையாகத் திறந்தார்கள். மழையோ பெருங்காற்றோ வந்தால் இப்போதும் மூடுவார்கள். அப்படி மூடியிருந்தால் நூர்ட்ஹூக்கிலிருந்து ஓ காப்ஸே வெக் என்ற மலைச்சாலை வழியாக நகருக்கு வந்துவிடலாம்.

ஜனவரியில் சூரியன் மறைய இரவு எட்டு மணி ஆகும். அவசரமே இல்லை.

நொய்யல்:

ஐயா, மிக்க நன்றி. இதை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். கருங்கல்லும் வண்டலும் என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னார். அட்லாண்டிக்கும் இந்தியப் பெருங்கடலும் சேரும் கோடு அங்கே தெரியுமா என்று நான் கேட்டேன். கன்னியாகுமரியில் மூன்று நிறம் தெரியும் என்று சொல்வார்களே, அதுபோல. "அகுல்யாஸ் முனை என்று ஒன்று இருப்பதை உனக்கு யாரும் சொல்லித்தரவில்லையா?" என்று எனக்கே பாடம் எடுத்துவிட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும். காற்று அதிகமாக இருந்தால், அந்த இரு பக்கமும் கடல் இருக்கிற பாதையில் அவரை அழைத்துப் போகலாமா? வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்கமாட்டார்.

செங்காந்தள்:

நான் பிரிட்டோரியாவில் இருக்கிறேன். சென்ற கோடையில் என் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. கொற்கைக்காரன் ஐயா சொல்லும் வரிசை நடப்பவர்களுக்குச் சரி. ஆனால் ரயிலை இவ்வளவு இளக்காரமாகப் பேச வேண்டியதில்லை. நாங்கள் ரயிலில் ஏறி, நடந்து இறங்கினோம். ஏறும்போது கண் படியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், இறங்கும்போதுதான் கடல் முழுவதும் கண்ணில் விழும். அம்மா அதைத்தான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏறுவதில் பெரியவருடைய கால் களைத்துப்போனால், அந்த நல்ல பாதைக்குத் தெம்பு மிச்சம் இருக்காது. எதில் செலவழிப்பது என்று அவரையே கேளுங்கள்.

பெங்குவினிலும் எனக்கு மாற்றுக் கருத்து. ஜனவரி மதியத்தில் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் தெருத்தெருவாகச் சுற்றினோம். வெயில் வேறு. பெங்குவின்களும் புதருக்குள் படுத்துவிட்டன, வால்தான் தெரிந்தது. பள்ளி விடுமுறை முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவருக்கு ஒரு தொப்பி, கயிற்றோடு. கயிறு இல்லாத தொப்பி அங்கே ஐந்து நிமிடம் தலையில் நிற்காது, அம்மாவுடையது டயஸ் கடற்கரைப் பக்கம் பறந்து போய்விட்டது. மெல்லிய காற்றுச் சட்டையும் வேண்டும். ஜனவரி வெயில்தானே என்று பருத்திச் சேலையில் வந்த அம்மா, சேலையைப் பிடிப்பதா கம்பியைப் பிடிப்பதா என்று பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. நிறுத்துமிடத்துக் கடையில் எதையாவது வாங்கித் திறந்தவெளியில் உட்கார்ந்து சாப்பிடும்போது குரங்குக்கு மட்டும் பயந்தால் போதாது. சிறகில் செம்பழுப்பு நிறம் உள்ள ஒரு கறுப்புப் பறவை, மைனா இனம், தட்டிலிருந்து உருளைக்கிழங்கு வறுவலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எங்கள் மேசையில் மட்டுமல்ல, பக்கத்து மேசையிலும்.

கொற்கைக்காரன்:

செங்காந்தள், வாதம் நியாயம்தான். ரயிலில் ஏறி மிச்சமான தெம்பை இரண்டாவது பாதைக்குச் செலவிட்டால் நான் வாயைத் திறக்கமாட்டேன். ஏறிய கையோடு காபி குடித்துவிட்டு அதே ரயிலில் இறங்குகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு. பெங்குவினுக்கு மதியம் இடம் கிடைக்காவிட்டால் சைமன்ஸ் டவுன் கடைத்தெருவிலேயே காரை விட்டுவிட்டு நடந்து போகலாம், தூரம் ஒன்றும் இல்லை. அதுவும் வேண்டாம் என்றால் மாலை ஐந்துக்கு மேல் போய்ப் பாருங்கள், கடலுக்குப் போனவை கரையேறும் நேரம். என்ன, சாப்மன்ஸ் பீக் சற்றுத் தாமதமாகும். அதுவும் நல்லதுதான்.

நொய்யல் அம்மா, காற்றுக்கு வருகிறேன். முந்தின இரவு வானிலை பாருங்கள். கேப்டவுன் நகரத்துக்கான கணிப்பைப் பார்க்காதீர்கள், கேப் பாயின்ட் என்று போட்டுப் பாருங்கள். நகரில் இலை அசையாத நாளில் முனையில் நிற்க முடியாமல் போனதுண்டு. மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் கவலை இல்லை. 50-ஐத் தாண்டினால் இரண்டாவது பாதையைப் பெரியவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய விளக்கின் மதில் மறைவிலிருந்தே பாதி முதுகு தெரியும். அன்று மூன்றாவது பாதையும் வேண்டாம், விளிம்பு அது. அதற்குப் பதில் ஆலிஃபன்ட்ஸ்போஸ் என்ற இடத்துக்குப் போங்கள். பூங்காவின் மேற்குக் கரை, சமதளக் கடற்கரை நடை. 1942-இல் முதல் பயணத்திலேயே கரைதட்டிய தாமஸ் டி. டக்கர் என்ற அமெரிக்கப் போர்க்காலச் சரக்குக் கப்பலின் துருப்பிடித்த விலா எலும்புகள் மணலில் கிடக்கின்றன. சற்றுத் தள்ளி 1965-இல் ஒதுங்கிய நோலாத் என்ற டச்சுக் கப்பல். கூட்டமே இருக்காது. என்னைக் கேட்டால் காற்று இல்லாத நாளிலும் அந்த நடைக்கு நான் வாக்களிப்பேன், ஆனால் முதல் முறை வருகிறவரிடம் முனையை விட்டுவிட்டு அங்கே போகச் சொல்ல முடியாது.

நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார் என்றால், மாலுமி சொன்னார் என்று சொல்லுங்கள். டயஸ் போகும்போது இந்த முனையைப் பார்க்கவே இல்லை. புயல் அவரைத் தெற்கே கொண்டுபோய், சுற்றித் திருப்பிவிட்டது. திரும்பி வரும் வழியில்தான் பார்த்தார். 1500-இல் மறுபடி இந்தப் பக்கம் வந்தபோது புயலில் கப்பலோடு போனார். புவியியல் ஆசிரியருக்கு இது தெரியாமல் இருக்காது. காற்றடிக்கிற நாளில் நினைவுபடுத்தினால் போதும்.

கடல் கோட்டுக்கு அவர் சொன்னதே சரி. இரண்டு பெருங்கடல்களும் பிரியும் இடம் என்று வரைபடத்தில் போட்டிருப்பது அகுல்யாஸ் முனையில், இங்கிருந்து தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர். ஆப்பிரிக்காவின் தென்கோடியும் அதுதான். முனையில் நிறம் பிரிந்து தெரிகிறது என்று வழிகாட்டிகள் காட்டுவது பெரும்பாலும் நுரையும் மேகநிழலும். தண்ணீரின் குளிர் மட்டும் நிஜமாகவே மாறும். மேற்கே பெங்குவேலா நீரோட்டம், கால் வைத்தால் எலும்பு வலிக்கும். கிழக்கே ஃபால்ஸ் பேயில் ஜனவரியில் குளிக்கலாம். திரும்பும் வழியில் பஃபெல்ஸ் பேயில் அலை அடிக்காத குளம் ஒன்று கட்டிவைத்திருக்கிறார்கள், ஆசிரியர் அங்கே காலை நனைத்துவிட்டு, மாலையில் நூர்ட்ஹூக் மணலிலும் ஒரு தரம் நனைக்கட்டும். வித்தியாசத்தை அவரே சொல்வார்.

நொய்யல்:

சொல்லிவிட்டேன் ஐயா. டயஸ் பெயரைக் கேட்டதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு 50 என்பதை 55 ஆக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னார். ரயிலுக்கும் அரைமனதாகச் சம்மதம், இறங்க மட்டும்தான், ஏறுவதற்கு இல்லையாம். செங்காந்தள் அக்கா சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார்.

தொப்பிக்குக் கயிறு வாங்கியாயிற்று. சாப்மன்ஸ் பீக் சுங்கத்துக்குப் பணமாகவே தர வேண்டுமா, அட்டை ஏற்பார்களா?

கொற்கைக்காரன்:

அட்டை ஏற்பார்கள். ஹௌட் பே பக்கம் இறங்கும்போதுதான் வசூல் சாவடி வரும், அதுவரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் பார்க்கலாம். 55 கிடையாது. 50தான்.